மகன் தெக்கோங் தீவுக்குப் போன பிறகு: அந்த ஒன்பது வாரத்தை எப்படிக் கடப்பது?

சிங்கப்பூரில் மகனைத் தேசிய சேவை எனும் கட்டாயப் படைச் சேவைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று எந்தப் பெற்றோரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. 1967-லேயே சட்டம் அதை முடிவு செய்துவிட்டது. குடியுரிமை உள்ள பையன்களும், பெற்றோர் வழியாக நிரந்தரவாசிகளான பையன்களும் 18 வயதிலோ படிப்பை முடித்த கையோடோ இரண்டு ஆண்டு சேவை செய்தாக வேண்டும். அவன் அங்கே இருக்கும்போது வீட்டில் நாம் எப்படி இருக்கப்போகிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் உள்ள முடிவு.

முதல் கட்டம்தான் கடினம். பெரும்பாலானோருக்கு அது புலாவ் தெக்கோங் தீவில் ஏறக்குறைய ஒன்பது வாரம் நடக்கும் அடிப்படை ராணுவப் பயிற்சி. உடற்தகுதித் தேர்வில் தேறாதவர்களுக்கும் எடை கூடியவர்களுக்கும் இன்னும் சில வாரங்கள் சேரும். போலீஸ் படைக்கோ குடிமைத் தற்காப்புப் படைக்கோ போகிறவர்களுக்குப் பயிற்சி இடம் வேறு. ஆனால் வீட்டில் காலியாகக் கிடக்கும் கட்டில் எல்லோருக்கும் ஒன்றுதான்.

எங்களைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்த அப்பாக்கள் எல்லாம் தாங்களும் போய் வந்தவர்கள். பையன் "இன்னைக்கு அவுட்ஃபீல்டு" (முகாமுக்கு வெளியே, காட்டில் நடக்கும் பயிற்சி) என்றால் அது என்ன, எத்தனை மணிக்கு முடியும், எங்கே வலிக்கும் என்பதுவரை அவர்களுக்குத் தெரியும். என் கணவருக்கும் எனக்கும் ராணுவம் என்றால் டெல்லியின் குடியரசு தின அணிவகுப்பும் செய்தியில் வரும் எல்லைச் சண்டையும்தான். தெரியாத இடம் என்றால் மனது மோசமானதைத்தான் முதலில் நினைக்கும். ஊரிலிருந்து பாட்டி வேறு போன் போட்டு, "பிள்ளையைப் பட்டாளத்துக்கா அனுப்பிட்டீங்க?" என்று அழுவார்.

எங்கள் வீட்டிலும் தெரிந்தவர்கள் வீடுகளிலும் பெற்றோர் கையாண்ட வழிகளைத்தான் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. என் கவலையின் பாரம் யார் தலையில் விழுகிறது? என் தலையிலோ, இன்னொரு பெரியவர் தலையிலோ என்றால் சரி. நாள் முழுக்க ஓடிக் களைத்து வந்த பையன் தலையில் என்றால் அந்த வழி வேண்டாம்.

தீவு வரைக்கும் போய் வழியனுப்புவதா?

படையில் சேரும் நாளில் குடும்பத்தினரும் கூடவே போகலாம். சாங்கியில் உள்ள ராணுவப் படகுத்துறையில் ஏறினால் சிறிது நேரத்தில் தீவு வந்துவிடும். அவன் தூங்கப்போகும் பங்க்கை, அதாவது படுக்கையறையைக் காட்டுவார்கள். உறுதிமொழி எடுப்பதைப் பார்க்கலாம், அவர்கள் சாப்பிடும் சாப்பாட்டையே நாமும் சாப்பிட்டுப் பார்க்கலாம்.

"அங்கே போய் அழுது அவனைச் சங்கடப்படுத்த வேண்டாம், வீட்டு வாசலிலேயே அனுப்பிவிடலாம்" என்பார்கள் சிலர். "நீங்க வராதீங்கம்மா" என்று பையனே சொல்வதும் உண்டு. அவன் உறுதியாக அப்படிச் சொன்னால் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். மற்றபடி, போவதே நல்லது என்பது என் எண்ணம். அதுவும் முக்கியமாக அம்மாக்கள் போக வேண்டும். வரிசையாக இரும்புக் கட்டில், பக்கத்தில் ஒரு அலமாரி, மேலே சுற்றும் மின்விசிறி. கண்ணால் பார்த்துவிட்டால் இரவில் மனது போய் நிற்பதற்கு உண்மையான ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. பார்க்காதவர்களுக்குக் கற்பனைதான் துணை. சைவம் சாப்பிடும் பையன்களுக்குத் தனிச் சாப்பாடு உண்டு, ஹலாலும் தனியாக உண்டு. இதை வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட அந்தத் தட்டை நேரில் பார்ப்பதில் கிடைக்கும் நிம்மதி பெரிது.

கிளம்பும்போது கண்ணீர் வந்தால் வரட்டும், அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் "நீ இல்லாம அம்மா எப்படிடா இருப்பேன்" என்ற வார்த்தையை மட்டும் அங்கே வைத்துவிட்டு வராதீர்கள். பதில் சொல்ல முடியாத அந்தக் கேள்வியை அவன் பல நாள் சுமப்பான்.

போனா, கடிதமா?

முதல் இரண்டு வாரம் போல வீட்டுக்கு விடமாட்டார்கள். அந்த நாள்களில் இரவில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் போனில் பேசலாம். இங்கேதான் வீட்டுக்கு வீடு வழி மாறுகிறது.

சில வீடுகளில் காலையிலிருந்தே வாட்ஸ்அப்பில் செய்தி போய்க்கொண்டே இருக்கும். சாப்பிட்டாயா, கால் வலிக்கிறதா, யாராவது திட்டினார்களா. இரவில் அவன் போனைத் திறந்தால் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் வரிசையாக நிற்கும். அந்த நேரத்தில் அவனுக்கு வேறு என்னவெல்லாம் வேலை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். குளிக்க வேண்டும், வியர்வையில் ஊறிய துணியைத் துவைத்துக் காயப்போட வேண்டும், பூட்ஸைத் துடைக்க வேண்டும், மறுநாளைக்குச் சாமான்களை எடுத்து வைக்க வேண்டும், எல்லோரும் வரிசையில் நின்று சொன்ன அளவு தண்ணீர் குடிக்க வேண்டும். விளக்கு அணைவதற்குள் மிஞ்சும் சில நிமிடங்கள்தான் நமக்கு. அந்த நிமிடங்களைக் கேள்வி கேட்டே தீர்த்தால் "ம்... ஓகேம்மா... நல்லா இருக்கேம்மா" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. அதைக் கேட்டுவிட்டு, "குரலே சரியில்லையே" என்று விடிய விடிய விழித்திருப்போம்.

இன்னொரு வகை வீடுகளில் அவனாகக் கூப்பிடும்வரை காத்திருப்பார்கள். கூப்பிட்டால் கேள்வியைக் குறைத்துவிட்டு வீட்டுச் செய்தியைச் சொல்வார்கள். தங்கைக்குத் தேர்வு எப்படிப் போனது, கீழ்வீட்டுப் பூனை குட்டி போட்டது, நேற்று கிரிக்கெட்டில் யார் ஜெயித்தது. இது எனக்கும் முதலில் வெற்றுப் பேச்சாகத்தான் தோன்றியது. ஆனால் வீடு அப்படியே இருக்கிறது, அம்மா நன்றாக இருக்கிறாள் என்பதுதான் அவனுக்கு அந்த நேரத்தில் வேண்டிய தகவல். அது தெரிந்த பிறகுதான் அவனாகவே, "அம்மா, இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பிப்பான். இந்த வழியில் நம் கவலை நம்மிடமே தங்கிவிடும், அது உண்மைதான். அதனால்தான் இதைத் தனியாக மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. கூடவே கடிதமும் வேண்டும்.

இந்த எல்லா வழிகளிலும் கடிதத்துக்கு ஈடாக நான் எதையும் பார்க்கவில்லை. பயிற்சியின் நடுவில் ஃபீல்ட் கேம்ப் என்று ஒன்று வரும். சில நாள் காட்டிலேயே இருக்க வேண்டும். குளியல் கிடையாது, பவுடர்தான். படுக்கும் அளவுக்குக் குழி தோண்ட வேண்டும், பொட்டலச் சாப்பாடு, மழை வந்தால் மழை. போனும் இருக்காது. ஒன்பது வாரத்தில் பையன்கள் அதிகமாக உடைந்துபோவது அங்கேதான். பல கம்பெனிகளில் (பயிற்சிப் படைப்பிரிவுகளில்) அதற்கு முன்பே வீட்டுக்குச் சொல்லிக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்வார்கள். களைத்து, அழுக்காகி, "எதுக்குடா இதெல்லாம்" என்று இருக்கும் ஒரு மாலையில் எல்லோரையும் உட்காரவைத்து அவரவர் கடிதத்தைக் கையில் கொடுப்பார்கள். மொட்டைத்தலையோடு அத்தனை பையன்களும் அழுவார்கள் என்று போய் வந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

போனில் நாம் சொல்வதற்கு அவன் உடனே பதில் சொல்ல வேண்டும். கடிதம் அவனிடம் பதிலே கேட்பதில்லை. நமக்கும் அதில் ஒரு நன்மை இருக்கிறது. உட்கார்ந்து எழுதும்போது நம் பயம் எது, ஆசை எது என்று நமக்கே பிரிந்து தெரியும். என் முதல் வரைவில் பாதிக்கு மேல் என் தூக்கமின்மையைப் பற்றித்தான் இருந்தது. அந்தப் பக்கத்தை எனக்காக வைத்துக்கொண்டு, அவனுக்கு வேறு எழுதினேன். இரண்டு கடிதம் எழுதும் இந்தப் பழக்கத்தை எல்லோருக்கும் சொல்வேன். ஒன்று உங்கள் மனதைக் கொட்டுவதற்கு, அது வீட்டிலேயே இருக்கட்டும். மற்றது அவனுக்கு.

எந்த மொழியில் எழுதுவது? இங்கே பள்ளியில் தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படித்த பையன்களில் பலர் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். டார்ச் வெளிச்சத்தில், மண் ஒட்டிய கையில் பிடித்து அவன் படிக்கப்போகிறான். அவன் வேகமாக வாசிக்கும் மொழியில் முக்கால்வாசி எழுதிவிட்டு, கடைசிப் பத்தியைத் தமிழில் எழுதலாம். வீட்டில் அவனைக் கூப்பிடும் செல்லப்பெயரைத் தமிழில்தானே எழுத முடியும். அப்பாவும் தனியாக நாலு வரி எழுதட்டும். பேசாத அப்பாக்கள் எழுதும் நாலு வரிக்கு இருக்கும் மதிப்பு அம்மாக்களின் நாலு பக்கத்துக்கு இல்லை. எனக்கு இதில் வருத்தம்தான், ஆனால் அதுதான் உண்மை. காட்டுக்குப் போகும்போது துணிகளை மழையில் நனையாதபடி ஜிப் பைகளில் போட்டு அடுக்குவார்கள். என் மகன் கடிதத்தையும் மாற்றுச் சாக்ஸோடு அதே பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தான்.

கவலையை யாரிடம் சொல்வது?

ஒரே தேதியில் சேர்ந்த பையன்களின் பெற்றோர் சேர்ந்து வாட்ஸ்அப் குழு தொடங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. பயிற்சி மையத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் வரும் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, "மூணாவது வரிசையில இருக்கிறது என் பையனா பாருங்க" என்று கேட்பதும் அங்கேதான். என்ன வாங்கிக் கொடுக்க வேண்டும், எந்த வாரம் வீட்டுக்கு விடுவார்கள் போன்ற விஷயங்களுக்குக் குழு உண்மையிலேயே உதவும். மனதுக்கு உதவுமா என்றால், எனக்குச் சந்தேகம்தான். ஒரு பையனுக்குக் காய்ச்சல் என்று ஒருவர் போட்டால் அத்தனை வீட்டிலும் அன்றைக்குத் தூக்கம் போய்விடும். பதற்றம் தொற்றிக்கொள்ளும் வேகத்துக்கு ஆறுதல் தொற்றிக்கொள்வதில்லை.

அதைவிட, முன்பே போய் வந்த ஒரே ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் அடுத்த வீட்டு அண்ணன் இங்கேயே பிறந்தவர், இரண்டரை ஆண்டு சேவை செய்தவர். 2004-இல்தான் சேவைக்காலத்தை இரண்டு ஆண்டாகக் குறைத்தார்கள், அவர் அதற்கு முந்தைய ஆள். அப்போது கைபேசி ஏது? காசை வைத்துக்கொண்டு பொதுத் தொலைபேசி முன்னால் வரிசையில் நின்றதைச் சொல்வார். என் மகன் கூப்பிடாத ஓர் இரவில் கீழே கோப்பிக்கடையில் அவரைப் பார்த்தோம். "இந்த வாரம் ரைஃபிள் ஷூட்டிங் இருக்கும் அக்கா, இருட்டுல சுடுறதும் உண்டு, முடிய லேட்டாகும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு நானும் என் கணவரும் தூங்கினோம். 24 கிலோமீட்டர் நடை என்று கேட்டு நாங்கள் பயந்தபோதும், முதல் நாளே அவ்வளவு நடக்க விடமாட்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று அவர்தான் விளக்கினார்.

குடியேறிய குடும்பங்களில் அப்பாக்களுக்கு இது இன்னும் அவசியம். தான் செய்யாத ஒன்றைப் பிள்ளை செய்கிறான் என்னும்போது அவர்களுக்குப் பெருமையும் குற்றவுணர்வும் கலந்து வரும். அதை மனைவியிடம் சொல்லமாட்டார்கள். போய் வந்த இன்னொரு ஆணிடம் கேள்வியாகக் கேட்பார்கள்.

வேலை, கோயில், ஊர்ப் பயணம்

இதில் நான் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்குப் போகும் அம்மாக்களுக்குப் பகல் எப்படியோ ஓடிவிடும், சாயங்காலம்தான் கனக்கும். அந்த நேரத்துக்கு ஒரு வேலையை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கை உள்ளவர்களுக்குக் கோயில் பெரிய துணை. படகுத்துறையிலிருந்து திரும்பும்போது பக்கத்தில் சாங்கி வில்லேஜில் ராமர் கோயில் இருக்கிறது, நேராக வீட்டுக்குப் போக மனமில்லாதவர்கள் அங்கே கொஞ்ச நேரம் உட்காரலாம். வெளியே விடாத அந்த இரண்டு வாரத்தில் ஊருக்குப் போய் வரும் குடும்பங்களும் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் அவன் முதல் தடவை வீட்டுக்கு வரும் நாளுக்கு முன்பே திரும்பிவிடுங்கள்.

வார இறுதி: விருந்தா, தூக்கமா?

முதல் புக் அவுட்டை, அதாவது முகாமிலிருந்து வீட்டுக்கு விடும் முதல் வார இறுதியை எப்படிக் கொண்டாடுவது என்பதில் வீட்டில் சண்டையே வரும். மட்டன் பிரியாணி, அத்தை சித்தப்பா குடும்பங்கள், சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் அர்ச்சனை, மொட்டைத்தலையோடு படம் என்று ஒரு பட்டியல் தயாராகிவிடும். எல்லாம் அன்பினால் வருவதுதான். ஆனால் அவனுக்கு அது இன்னொரு பயிற்சி நாளாகிவிடும். ஒவ்வொருவரும் "எப்படிடா இருக்கு?" என்று கேட்க, அவன் ஒவ்வொருவருக்கும் அதே பதிலைச் சிரித்தபடி சொல்ல வேண்டும்.

இன்னொரு வழி, அவனைச் சும்மா விடுவது. வருவான், பையைக் கூடத்தில் போடுவான், ஒரு வாசம் வீடு முழுக்கப் பரவும். பிடித்த ஒரு கறி, ரசம், சோறு. சாப்பிட்டு எழுந்தவன் மறுநாள் மத்தியானம்தான் கண் விழிப்பான். அந்த நேரத்தில் அவன் அறைக்கதவைத் திறந்து திறந்து பார்க்காமல் இருப்பதுதான் நமக்குப் பயிற்சி. நண்பர்களைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பினால், "இருக்கிறதே ரெண்டு நாள், அதிலயும் வெளியவா?" என்ற பேச்சு நாக்கு நுனி வரை வரும். போகட்டும், விடுங்கள். இரண்டு வாரமாக யாரோ சொன்ன நேரத்துக்கு எழுந்து, சொன்ன நேரத்துக்குச் சாப்பிட்டவனுக்குத் தன் நேரத்தைத் தானே செலவிடுவதுதான் விருந்து.

சொந்தபந்தங்களைப் பயிற்சி முடிந்து அணிவகுப்பு நடந்த பிறகு கூப்பிடலாம். அப்போது அவனுக்கே சொல்வதற்கு நிறைய இருக்கும், விடுப்பும் கிடைக்கும்.

துணி துவைப்பதில் நடுவழிதான் நல்லது. முழுக்க நீங்களே செய்துவிட்டால், நகத்தால் சுரண்டினாலும் போகாத அந்தக் காலர் அழுக்கோடு அடுத்த வாரம் தீவில் அவன்தான் மல்லுக்கட்டப்போகிறான். வாஷிங் மெஷினில் போடுவது உங்கள் பங்கு, காயப்போட்டு மடிப்பது அவன் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் நின்று துணி மடிக்கும்போதுதான் எங்கள் வீட்டில் உண்மையான பேச்சு நடந்தது. நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்டால் வராத கதை, கை வேலையாக இருக்கும்போது தானாக வரும்.

ஞாயிறு சாயங்காலம் வந்தால் மறுபடி முதலிலிருந்து. பாசிர் ரிஸ்ஸில் ஒயிட் சேண்ட்ஸ் கடைத்தொகுதிப் பக்கம் போனால் தீவுக்குத் திரும்பும் பச்சைச் சீருடைப் பையன்களும், பக்கத்தில் கையில் பையோடு பெற்றோருமாக நிற்பார்கள். அதுவரை கூடப் போவதா, வீட்டிலிருந்தே அனுப்புவதா? நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். வாராவாரம் ஒரு வழியனுப்பு விழா நடத்தினால் அவனுக்கும் ஆறாது, நமக்கும் ஆறாது. வீட்டிலிருந்து அவனாகக் கிளம்பி, ரயிலில் நண்பர்களோடு சேர்ந்துகொண்டால், தீவுக்குப் போவது அவனுடைய வேலைக்குப் போவது போல ஆகிவிடும். சில வாரங்களில் அந்த மாற்றம் கண்ணுக்கே தெரியும்.

இது வெறும் ஏக்கம் இல்லை என்று தோன்றினால்

உயிர்ப்பயம் வேறு விஷயம். அதை "எல்லாம் சரியாயிடும்" என்று மூடி வைக்கக் கூடாது. பயிற்சியில் விபத்துகள் நடந்திருக்கின்றன, உயிரிழப்புகளும் நடந்திருக்கின்றன. 2019-இல் சிங்கப்பூர் ஆயுதப்படையில் பாதுகாப்பைக் கண்காணிக்கத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் அமைத்தார்கள். அதன் தலைவர் முப்படைத் தளபதிக்கே நேரடியாகப் பதில் சொல்பவர். வெயிலின் கடுமையை அளந்து அதற்கேற்பப் பயிற்சிக்கு நடுவில் ஓய்வு விடுவதும், நேரத்துக்கு நேரம் தண்ணீர் குடிக்க வைப்பதும் விதிமுறையாகவே இருக்கிறது. நம் பங்கு ஒன்று உண்டு. ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை, முன்பு நடந்த அறுவை சிகிச்சை எதுவானாலும் சேருவதற்கு முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனையிலேயே காகிதங்களோடு சொல்லிவிடுங்கள். மனநல சிகிச்சை எடுத்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். அடுத்தவர் என்ன நினைப்பார்கள் என்று நம் வீடுகளில் இதைத்தான் அதிகம் மறைக்கிறோம்.

அவனிடம் வரும் மாற்றத்தில் இரண்டு வகை உண்டு. "சார்ஜென்ட் கத்துறாரும்மா, கால் கொப்புளம், வெறுப்பா இருக்கு" என்று புலம்பினால் பயப்பட வேண்டாம். புலம்புகிறவன் பேசுகிறான் என்று அர்த்தம். ஆனால் பேச்சே நின்றுபோவது, வீட்டுக்கு வந்தும் சாப்பாடும் தூக்கமும் வராமல் இருப்பது, "நான் இல்லாட்டி யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்ற மாதிரிப் பேச்சு, இவற்றில் எது வந்தாலும் அடுத்த வார இறுதி வரை காத்திருக்கக் கூடாது. ஆயுதப்படைக்கென்றே ஆலோசனைத் தொலைபேசி சேவை இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆலோசகர்களும் இருக்கிறார்கள். சேரும் நாளில் தீவுக்குப் போகும்போதே கம்பெனி அதிகாரியின் தொடர்பு எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த ஆலோசனை எண்ணையும் சேர்த்துக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

உங்களுக்கும் அதே கணக்குதான். ஒரு வாரம் அழுகை வருவது இயல்பு. அவன் இரண்டு மூன்று தடவை வீட்டுக்கு வந்து போன பிறகும் நீங்கள் தூங்காமல், சாப்பிடாமல், வேலையில் மனம் ஒட்டாமல் இருந்தால் பாலிகிளினிக் எனும் அரசு மருந்தகத்துக்குப் போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். மகனை அனுப்பிய அம்மாக்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

அதிகாரியைக் கூப்பிட வேண்டி வந்தால், "என் பையனைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். அதைத் தினமும் பல அம்மாக்கள் சொல்கிறார்கள். எந்த நாளில் என்ன சொன்னான், எத்தனை நாளாகத் தூங்கவில்லை, முன்பு என்ன சிகிச்சை எடுத்தான் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். அப்பா பேசினால்தான் மரியாதை என்று காத்திருக்க வேண்டாம், விஷயம் தெரிந்தவர் யாரோ அவர் பேசட்டும். தமிழில்தான் சரியாகச் சொல்ல வரும் என்றால், ஆங்கிலம் பேசுகிற மகளையோ அடுத்த வீட்டு அண்ணனையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.